தேயிலைத் தூள் நிரப்பும் மின்னணு இயந்திரம்: திரையில் 250, பையில் எவ்வளவு?

7.1.2024 (அருவங்காட்டு வாசகரின் கேள்வி)

குன்னூரில் தூள் வாங்கி 250 கிராம் பாக்கெட்டாகக் கட்டிச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு மின்னணு நிரப்பு இயந்திரம் ஒன்று வாங்கினேன். திரையில் எப்போதும் 250.0 என்றுதான் வருகிறது. அதே பாக்கெட்டைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஒரு முறை 247, இன்னொரு முறை 253. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தை அளக்க வைத்திருக்கும் மின்னணுக் கருவி 0.1 கிரெய்ன், அதாவது 6.5 மில்லிகிராம் வரை துல்லியமாம். மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டி அது. என் இயந்திரமோ ஆள் உயரம். விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

8.1.2024, காலை

விற்றவரைப் பிறகு பார்ப்போம். முதலில் தீர்ப்புச் சொல்லும் தராசைப் பாருங்கள். மளிகைக் கடையில் இருப்பது மூன்றாம் வகுப்புத் தராசு, அதாவது நடுத்தரத் துல்லியம். அதன் படி (திரையில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி) 1 கிராம் என்றால், 250 கிராம் எடைக்கு முத்திரையிடும்போதே அரை கிராம் முன்பின் அனுமதி உண்டு; புழக்கத்தில் ஒரு கிராம் வரை போகலாம். 30 கிலோ தராசு என்றால் படி பெரும்பாலும் 5 கிராம். அதில் 250 கிராம் பாக்கெட்டை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

நகைக்கடைகளில் வைத்திருக்கும், இன்னும் துல்லியமான இரண்டாம் வகுப்புத் தராசு ஒன்றை ஒரு நாளைக்காவது இரவல் வாங்குங்கள். காலிப் பையைத் தனியாக எடைபோடுங்கள். பை ஒவ்வொன்றும் ஒரே எடை என்று நினைக்க வேண்டாம். சுருளின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும்கூட வித்தியாசம் இருக்கும். பிறகு தொடர்ந்து விழும் பாக்கெட்டுகளை, ஒன்றையும் விடாமல், விழுந்த வரிசையிலேயே எடைபோட்டு எழுதுங்கள். பொறுக்கி எடுத்து எடைபோட்டால் உண்மை தெரியாது.

8.1.2024, இரவு

தோட்டா மருந்துக் கருவியோடு ஒப்பிட்டதைப் பற்றி. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை இருப்பதால் இந்த ஒப்பீடு மனதில் வந்தது இயல்புதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரைபிள் தோட்டா ஒன்றுக்கு ஏறக்குறைய 40 கிரெய்ன் மருந்து. அது 2.6 கிராம்தான். அதில் 0.1 கிரெய்ன் பிசகு என்றால் நூற்றுக்கு 0.25. அதே விகிதத்தை உங்கள் 250 கிராம் பாக்கெட்டுக்குப் போட்டால் 0.6 கிராம் வருகிறது. முதலில் வேகமாகவும் கடைசியில் மெதுவாகவும் நிரப்பும் இரட்டை வேக இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால், அதற்கு ஒரு கிராமுக்குள் நிற்பது எட்டாக் கனி இல்லை. 6.5 மில்லிகிராம் என்று கேட்டதும் மலைத்துப்போக வேண்டாம். உங்கள் 3 கிராம் என்பது நூற்றுக்கு 1.2. அது அதிகம்தான், சரிசெய்ய வேண்டியதுதான்.

அடுத்தது வேகம். அந்தப் பெட்டி 2.6 கிராமை அளந்து முடிக்கப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும்; கடைசித் துளிகளுக்கு இன்னும் மெதுவாகச் சுற்றும். உங்கள் இயந்திரம் நிமிடத்துக்கு 15 பாக்கெட் என்றால் ஒன்றுக்கு 4 நொடி. அதற்குள் தூள் விழ வேண்டும், எடை அடங்க வேண்டும், கதவு திறந்து பைக்குள் இறங்க வேண்டும். வேகத்தை நிமிடத்துக்கு 10 ஆக்கிப் பாருங்கள். வேறெதையும் தொடாமலே வித்தியாசம் தெரியும்.

9.1.2024

கேட்டதால் விளக்கமாகவே எழுதுகிறேன். எடை பார்த்து நிரப்பும் இயந்திரத்தில் தூள் இரண்டு கட்டமாக விழும். முதலில் அகன்ற ஓட்டம், 220, 230 கிராம் வரை. பிறகு மெல்லிய ஓட்டம். அதிர்ந்து அதிர்ந்து தூளை நகர்த்தும் தட்டின் நுனியில் குனிந்து பாருங்கள்: தூள் கோடாக வழியும், கோடு அறுந்து பொட்டுப் பொட்டாகும், கதவு மூடும். மூடிய பிறகும் அந்தரத்தில் இருக்கும் தூள் விழுந்தே தீரும். மழை விட்டபின் ஓட்டு விளிம்பு சொட்டுவதைப்போல. அந்தப் பாக்கியை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் இயந்திரம் கதவை மூடுகிறது. தட்டில் தூளின் கனம் மாறினால் பாக்கியும் மாறும்.

உங்கள் திரை ஏன் எப்போதும் 250.0 காட்டுகிறது? சில இயந்திரங்களில் இலக்குக்கு அருகில் வந்த எடையை இலக்கின் எண்ணாகவே காட்டும்படி மென்பொருளில் அமைத்திருப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கும். எனக்கு இது அடியோடு பிடிக்காத வழக்கம். 249.2 விழுந்தால் 249.2 என்று காட்ட வேண்டும். அமைப்புப் பட்டியலுக்குள் போய் அந்த வசதியை நிறுத்த முடியுமா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

12.1.2024

இன்று காலை ஊட்டிப் பக்கம் புல்வெளி எல்லாம் உறைபனி. இந்த வாரம் சோதிக்கிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை: இயந்திரத்தைப் போட்டதும் நிரப்பத் தொடங்காதீர்கள். எடையை உணரும் லோடு செல் என்பது ஒரு உலோகத் துண்டும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டுக் கம்பிச் சுருள்களும்தான். எடை ஏறும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, கம்பியின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாக வருகிறது. குளிரில் கிடந்த உலோகமும் மின்சுற்றும் சூடேறும்வரை சுழி (எடை இல்லாதபோது காட்ட வேண்டிய பூஜ்யம்) நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். பிறகு சுழியைச் சரிபாருங்கள், எடைக்கல் வைத்துப் பாருங்கள், அதன்பின் நிரப்புங்கள். வாசல் கதவை மூடுங்கள், மின்விசிறியும் வேண்டாம்.

தோட்டா மருந்துக் கருவி வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: முன்னதாகவே போட்டு வை, காற்று படாமல் வை, கைப்பேசியைத் தள்ளி வை.

17.1.2024

கோத்தகிரி நண்பர் எழுதியிருப்பது: மலையில் காற்று மெலிவு, அதனால்தான் தராசு எடையைக் குறைத்துக் காட்டுகிறது.

காற்று மெலிந்தால் எடை கூடத்தான் செய்யும், குறையாது. காற்று எந்தப் பொருளையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. மெலிந்தால் அந்தத் தாங்கல் குறையும். ஆனால் அது 250 கிராமுக்கு 0.05 கிராம் அளவுக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரியது புவியீர்ப்பு. கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். மேலே ஏற ஏற ஈர்ப்பு குறைகிறது. கோவையில் அளவுத்திருத்தம் செய்த (எடைக்கல் வைத்துத் திரையின் எண்ணைச் சரிப்படுத்திய) லோடு செல்லை இங்கே கொண்டுவந்து அப்படியே ஓட்டினால் நூற்றுக்கு 0.03 முதல் 0.04 வரை குறைத்துக் காட்டும். 250 கிராமுக்கு 0.1 கிராம். குறைத்துக் காட்டுவதால் இயந்திரம் இன்னும் கொஞ்சம் தூளைக் கொட்டும், அவ்வளவுதான். அருவங்காட்டுக்காரரின் 3 கிராமுக்கு இது காரணமே ஆகாது.

பழைய இரு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு தட்டுக்கும் ஒரே ஈர்ப்பு.

19.1.2024

கோத்தகிரி நண்பரின் இயந்திரம் டெல்லியில் செய்ததாம், அங்கேயே அளவுத்திருத்தமும் முடித்து அனுப்பினார்களாம். அப்படியானால் முந்தைய குறிப்பின் எண் போதாது. உயரத்தோடு அட்சரேகையும் சேர்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. டெல்லி 28 பாகைக்கு மேல், நாம் 11 பாகையில். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 0.13 முதல் 0.15 வரை. 250 கிராமுக்கு ஏறக்குறைய 0.35 கிராம். இது புறக்கணிக்கக்கூடிய அளவு இல்லை.

இதே விஷயம் பச்சைத் தேயிலை வாங்கும் இடத்தில் தலைகீழாக வேலை செய்யும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். டெல்லியில் திருத்திய தராசு, இங்கே மறுதிருத்தம் இல்லாமல், 50 கிலோ இலை மூட்டையை 70 கிராம்போலக் குறைத்துக் காட்டும். அந்த இலை சிறு விவசாயியுடையது. பாக்கெட் கட்டுபவருக்கு நட்டம் என்றால் அவர் உடனே கவனிப்பார். மூட்டை சுமந்து வந்து வரிசையில் நிற்கும் பெண்மணிக்குத் தராசைச் சோதிக்க வழி ஏது? இலை எடைபோடும் இடத்தில் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்று, கேட்டால் உடனே எடுத்து வைக்கும்படி, கண்ணெதிரே இருக்க வேண்டும். தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

20.1.2024

இங்கே கொண்டுவந்த பிறகு, இங்கேயே, நல்ல எடைக்கல்லை வைத்து அளவுத்திருத்தம் செய்தால் ஈர்ப்பு வித்தியாசம் முழுவதும் தீர்ந்துவிடும். எடைக்கல்லின் துல்லியத் தரங்களில் ஒன்றான எம்1 வகுப்பில், 200 கிராம் எடைக்கல்லில் அனுமதிக்கப்பட்ட பிசகு 10 மில்லிகிராம்தான். நமக்கு அது தாராளம். வார்ப்பிரும்பு எடைக்கல் வேண்டாம், நம் மூடுபனிக்குத் துருப்பிடிக்கும். எஃகு அல்லது பித்தளை. வெறுங்கையால் தொடாமல் துணியால் பிடியுங்கள்.

2.2.2024

பனி போய் வெயில் காய்கிறது. காற்றில் ஈரம் இல்லை. இந்த மாதங்களில் வரும் கோளாறே வேறு: நிலைமின்சாரம். எஸ்.எஃப்.டி. (சூப்பர் ஃபைன் டஸ்ட்) போன்ற நுண்ணிய தூள், எடை பார்த்த தூளைப் பைக்குள் இறக்கும் புனலின் உள்சுவரில் மீசைபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், திடீரென்று ஒரு கட்டி பெயர்ந்து விழும். அந்தப் பாக்கெட் கூடும், அதற்கு முந்தையது குறைந்திருக்கும். 247-ஐ அடுத்து 253 என்ற உங்கள் எண்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இதுதான். சராசரி சரியாக இருந்து, ஒன்று குறைந்து அடுத்தது கூடினால், தூள் எங்கோ தங்கித் தங்கி விழுகிறது. எல்லாப் பாக்கெட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே அளவுத்திருத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

தோட்டா மருந்து அளப்பவர்களுக்கும் இதே தலைவலி. குச்சி வடிவ மருந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழாயின் வாயில் தேங்கி, மொத்தமாக விழுந்து, அளவு தாண்டிவிடும். உருண்டை மருந்து ஒழுங்காக ஓடும். பலர் கண்ட எளிய வைத்தியம், குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் குழலில் ஒரு துண்டு வெட்டி அந்தக் குழாயின் வாய்க்குள் செருகுவது. வாய் குறுகி, கடைசித் துளிகள் ஒவ்வொன்றாக விழுமாம். நம் இயந்திரத்திலும் மெல்லிய ஓட்டத்துக்கு உரிய தட்டின் நுனியைக் குறுக்கிப் பார்த்திருக்கிறேன், பலன் உண்டு. ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுத் தகடு போதும்.

3.2.2024

நிலைமின்சாரத்தை வெளியேற்ற எர்த் கம்பி வேண்டும். புனல், தட்டு, சட்டம் மூன்றையும் இணைத்து முறையான எர்த்தில் சேர்க்க வேண்டும். மூன்று முனை பிளக் இருக்கிறது என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மின்பணியாளரை அழைத்துச் சோதியுங்கள்.

20.2.2024

ஒருவர் சொல்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எடை தடுமாறுகிறது, காலையில் சரியாக இருக்கிறது என்று. ஆறு மணிக்கு மேல் ஊரெல்லாம் விளக்கும் ஹீட்டரும் போடுகிறார்கள், மின்னழுத்தம் இறங்குகிறது. அதிர்வுத் தட்டை ஆட்டுவது மின்காந்தம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரை அலையை மட்டும் எடுத்து ஓட்டும் வகையில் அது நிமிடத்துக்கு 3,000 முறை அதிர்கிறது. அழுத்தம் இறங்கினால் அதிர்வின் எண்ணிக்கை மாறாது, வீச்சு குறையும். தூள் மெல்ல நகரும், தட்டில் அடுக்கு மாறும், அந்தரப் பாக்கி மாறும். எடைபோடும் பகுதிக்குத் தனியாக ஸ்டெபிலைசர் வைத்துவிட்டு அதிர்வுத் தட்டை நேரே சுவர் பிளக்கில் செருகியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டுக்குத்தான் முதலில் வேண்டும்.

திருகு வைத்துக் கன அளவால் நிரப்பும் இயந்திரங்கள் வேறு சாதி. அவற்றுக்கு எடையே தெரியாது, இத்தனை சுற்றுக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். எஸ்.ஆர்.டி. (சூப்பர் ரெட் டஸ்ட் என்ற சிறு தூள்) ஓடிக்கொண்டிருந்த இடத்தில் பி.பி. (புரோக்கன் பீக்கோ என்ற பெரிய மணித் தூள்) கொட்டினால் எடை உடனே இறங்கும், ஏனென்றால் பெரிய மணி தளர்வாக அடுக்கும். தூள் வாங்குபவர்கள் 100 கிராமுக்கு எத்தனை சிசி என்று அளந்து பார்ப்பது இதற்காகவும்தான். தரம் மாறும்போதெல்லாம், ஒரே தரத்தில் மூட்டை எண் மாறினாலும்கூட, மறுபடி எடைபோட்டுச் சுற்றைத் திருத்த வேண்டும்.

10.3.2024

சட்டம் எவ்வளவு பிசகை அனுமதிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். 2011 பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தனிப் பாக்கெட் ஒன்றுக்கு: 100 கிராமுக்கு 4.5 கிராம், 250 கிராமுக்கு 9 கிராம், 500 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் 15 கிராம். இதைப் படித்துவிட்டு "9 கிராம் குறைக்கலாமே" என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். கூடாது. மாதிரிப் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. 9 கிராம் என்பது தற்செயலாக விழும் ஒன்றிரண்டுக்கு. எல்லாவற்றையும் 245-இல் நிறுத்தி வைப்பது திருட்டு. தேயிலைத் தூள் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கூலி வாங்கிய கையோடு கடைக்கு வருகிறவர்கள். அவர்களிடம் 5 கிராம் பிடுங்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பயந்துகொண்டு 251-இல் நிறுத்தினால் ஆயிரம் கிலோவுக்கு 4 கிலோ தூள் இனாம். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் 400 ரூபாய். சிறு வியாபாரியின் லாபமே மெல்லியது. ஆகவே பாக்கெட்டுக்குப் பாக்கெட் விழும் சிதறலை முதலில் ஒடுக்க வேண்டும். சிதறல் 3 கிராமாக இருக்கும்வரை இலக்கை 250-க்குப் பக்கத்தில் வைக்கத் துணிவு வராது. அரை கிராமுக்குள் வந்தால் 250.3-இல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

11.3.2024

தாண்டிக்குடியில் இருந்து ஓர் அக்கா: காப்பித் தூளுக்கும் இது பொருந்துமா?

தராசுப் பகுதி அப்படியே பொருந்தும். தூள் பகுதி பொருந்தாது, அக்கா. காப்பித் தூளில் எண்ணெய் உண்டு, சிக்கரி கலந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். அதிர்வுத் தட்டில் போனால் கட்டிகட்டியாக வரும். அதற்குத் திருகும், உள்ளே கிளறிவிடும் துடுப்பும் உள்ள இயந்திரம்தான் தோது. புதிதாக வறுத்த தூள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், உடனே அடைத்தால் பாக்கெட் உப்பும். பழனி மலைக் காப்பியைச் சின்ன அளவில் கட்டி விற்பவர்கள், நாளுக்கு நூறு பாக்கெட்டுக்குக் குறைவு என்றால், இயந்திரமே வாங்க வேண்டாம் என்பேன். நல்ல தராசும் கரண்டியும் பொறுமையான ஒரு ஆளும் அதைவிடத் துல்லியம்.

26.6.2024

மழை பிடித்துவிட்டது. ஈரத்தைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன்.

உலர்த்தியில் இருந்து வரும்போது தூளில் நூற்றுக்கு 3 அளவு ஈரம். மூட்டையைப் பிரித்து மூடுபனியில் போட்டு வைத்தால் 6-ஐத் தொடும். 1,000 கிலோ தூள் 3-இலிருந்து 6-க்குப் போனால் 1,032 கிலோ ஆகிவிடும். அந்த 32 கிலோ தண்ணீர். தராசு அதையும் தேயிலை என்றே எடைபோடும், எந்தத் தராசுக்கும் வித்தியாசம் தெரியாது. குடிப்பவருக்குத் தெரியும்: சாறு குறையும், மணம் மங்கும். வேண்டுமென்றே இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஈரம் ஏறிய தூளை மெல்லிய தாள் பெட்டியில் அடைத்து மதுரைக்கு அனுப்பினால், அங்கே வெயிலில் ஈரம் வெளியேறும், 250 என்று அச்சிட்ட பெட்டி 245 காட்டும். சோதனைக்கு எடுத்தால் பழி நிரப்பு இயந்திரத்தின் மேல் விழும். ஆகவே மழைக்காலத்தில் அன்றன்றைக்கு வேண்டிய மூட்டையை மட்டும் பிரியுங்கள். மதிய உணவுக்குப் போகும்போது தூள் கொட்டி வைக்கும் மேல்புனலை மூடி வையுங்கள்.

14.7.2024

அருவங்காட்டுக்காரர் பதில் எழுதியிருக்கிறார். மூன்றாவது துளையில் கம்பி இல்லை. எர்த் போட்டார், தட்டுக்கும் ஸ்டெபிலைசர் வைத்தார், வேகத்தைக் குறைத்தார். இரவல் தராசில் இப்போது வரிசையாக 250.4, 249.8, 250.6, 250.1, 249.9 என்று விழுகிறதாம். திரையின் ஒப்பனையை நிறுத்தச் சொன்னபோது விற்றவர் முதலில் முடியாது என்றாராம், பிறகு தொலைபேசியிலேயே வழி சொன்னாராம். விற்றவர் ஏமாற்றினாரா என்ற கேள்விக்கு என் பதில்: இயந்திரம் நல்லது. நிறுவிக் கொடுத்தபோது எர்த்தைப் பார்க்காமல் போனதும், திரையை அப்படி அமைத்து விட்டதும் தவறு.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி, அளவுத்திருத்தத்தைத் தானே மாற்றலாமா என்பது. எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம், தினமும் செய்யலாம். சீல் வைத்த பகுதியைத் திறந்து திருத்துவது வேறு. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம். சீல் உடைந்தால் அந்த முத்திரை செல்லாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கொண்டு திருத்திவிட்டு, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி மறுபடி முத்திரை வாங்குங்கள். 250 கிராம் பாக்கெட்டுக்கு 200-உம் 50-உம் என்று இரண்டு எடைக்கல் போதும். 100 கிராமும் கட்டப் போகிறீர்கள் என்றால் இன்னொரு 50 சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.